ஒரு முட்டிக்கு ஒரு ஜீப் ரத்தம்

ஜேசுதாஸ் அண்ணாச்சி அவ்வளவு சுலபமாகச் சரி என்று சொன்னபோதே ஜெயபாக்கியம் உஷாராகியிருக்க வேண்டும்.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற மனிதர். கத்தரிக்காய்க்காரியிடம்கூடக் கால்மணி நேரம் பேசாமல் பையை நீட்ட மாட்டார். முட்டி ஊசி என்ற பேச்சை எடுத்தாலே துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனவர், போன வாரம் வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு நடுவில், "சரி, போட்டுத் தொலைப்போம்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். ஜெயபாக்கியம் சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். எதற்கு இந்தத் திடீர் ஞானோதயம் என்று யோசிக்கவில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது, பாவம்.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

ஜேசுதாசுக்கு ஒரு தம்பி. விஜயராஜ். போடிமெட்டுக்கு அந்தப்பக்கம், மலை மேல், குடும்பத்து ஏலத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருப்பவர். அண்ணன் கீழே கடை, தம்பி மேலே தோட்டம். பிரச்சினை இல்லாத பாகம். பிரச்சினை வந்தது அப்பா சாவில்.

ஆறு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், பெரியவர் போடி வீட்டில் கண்ணை மூடினார். மெட்டுச் சாலையில் மண் சரிந்து பாறை உருண்டு கிடந்தது. மேலே போன் இல்லை, கரண்ட் இல்லை. ஒத்தையடிப் பாதையில் ஒரு ஆளைச் சேதி சொல்ல அனுப்பியிருந்தார்கள். தம்பி எப்போது வருவான், வருவானா என்று யாருக்கும் தெரியாது. ஜேசுதாஸ் மறுநாள் மத்தியானமே போடிக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கத்தை முடித்துவிட்டார். மலை மேல், பெண்டாட்டி பக்கத்தில் படுக்க வேண்டும் என்பது பெரியவரின் ஆசை. அதுவும் நடக்கவில்லை.

அன்று சாயங்காலம் விஜயராஜ் வந்து சேர்ந்தார். மண்மேட்டின் மேல் மாலைகள் நனைந்து கிடந்தன. அவர் அழவில்லை, கத்தவில்லை. "ஒரு நாளு பொறுக்க மாட்டியாண்ணே?" என்று கேட்டார். அவ்வளவுதான். அண்ணன் தம்பி பேச்சு அதோடு நின்றது.

அதற்குப் பிறகு ஜேசுதாஸ் மலை ஏறவே இல்லை. முதலில் கடை வேலை என்றார், இப்போது கேட்டால் முட்டி. வலி பொய்யில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் குடோன் படியில் சறுக்கி விழுந்து முட்டிச் சவ்வு கிழிந்தது நிஜம். ஆனால் அந்த முட்டி ஏலக்காய் ஏலத்துக்குப் போகும், சபைக் கூட்டத்துக்குப் போகும், மதுரையில் கல்யாண வீட்டுப் பந்திக்குப் போகும். மலை என்றால் மட்டும் மடங்காது.

இப்போது விஜயராஜின் மகள் ஜெனிக்குத் தை மாதக் கடைசியில் கல்யாணம். தோட்டத்துச் சர்ச்சில். பெரியப்பா முன்னால் நிற்க வேண்டும் என்று அந்தப் பெண்ணே போனில் அழுதிருக்கிறாள். "முட்டி சரியில்லம்மா" என்று ஜேசுதாஸ் அவளிடமும் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே ஜெயபாக்கியம் தீர்மானித்துவிட்டாள். முட்டியைச் சரி பண்ணிவிட்டால் இந்த மனுஷன் என்ன சாக்குச் சொல்வார், பார்த்துவிடுவோம்!

*

வெள்ளிக்கிழமை விடிந்ததும், "பேப்பர் வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஜேசுதாஸ் கிளம்பினார்.

பேப்பர் வாங்கத் தெருமுனை போதும். அவர் ஜீப் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார். கார்த்திகை மாதம், மேலே காய் எடுக்கிற நேரம். சிலமலையிலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் வந்த பெண்கள் தூக்குவாளியும், மழைக்குப் போர்த்துகிற கொங்காணியுமாக ஜீப்புகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டால் போடியில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். இன்னும் ஒருத்தர் ஏறலாம் என்பதுதான் கணக்கு.

அந்த டீசல் புகையும் பழைய ஏலக்காய்ச் சாக்கின் வாசனையும் மூக்கில் ஏறியதும் ஜேசுதாஸ் நடையை நிறுத்தினார். அப்பா இதே இடத்தில்தான் நிற்பார். ஜீப்பின் முன் மூடியில் கையை வைத்துச் சூடு பார்ப்பார். "இஞ்சின் இன்னும் கண்ணு முழிக்கலடா, ஒரு டீயக் குடிச்சிட்டு வாங்க" என்று பையன்கள் இரண்டு பேரையும் அனுப்புவார். லீவு விட்டால் அவர்கள் மூவரும் மேலே போவார்கள். அம்மா தோட்டத்து வீட்டு வாசலில் நிற்பாள்.

டிரைவர் சீட்டுக்கு அடுத்த இடம் எப்போதும் அண்ணனுக்கு. தம்பி மடியில்.

அவர் அந்த நினைப்பை உதறிவிட்டுச் சின்னச்சாமியின் பெட்டிக்கடைக்குப் போனார்.

"ஒரு செட்டுக் குடு."

செட்டு என்றால் இந்த ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரியும். இரண்டு மூன்று வலி மாத்திரைகளைத் தாளில் மடித்து வைத்திருப்பார்கள். குனிந்தே காய் எடுக்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், காலையில் ஜீப் ஏறும் முன்னால் டீயோடு போட்டுக்கொள்வார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது மருந்தில் சேர்த்தியே இல்லை. வெற்றிலை பாக்கு மாதிரி.

சின்னச்சாமி முகம் மலர்ந்தது. "அண்ணாச்சி மேலயா? எத்தன வருசமாச்சு! தம்பி வீட்டுக் கல்யாணச் சோலியா?"

"மேல இல்ல. தேனிக்கு."

"தேனிக்குப் போக எவனாச்சும் செட்டுப் போடுவானா? அண்ணாச்சி வெளையாடாதீக."

ஜேசுதாஸ் மாத்திரைகளை வாயில் போட்டு டீயை ஊற்றினார்.

தேனி டாக்டரம்மா போன வாரம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊசிக்கு ஒரு வாரம் முன்னாலும் பின்னாலும் வலி மாத்திரை கூடவே கூடாது, போட்டால் ஊசி வேலை செய்யாது, தள்ளித்தான் வைக்க வேண்டும். அதைக் கேட்ட மறுநாள்தான் அண்ணாச்சிக்கு ஞானோதயம் வந்தது. வேண்டாம் என்று சொன்னால் பெண்டாட்டி விட மாட்டாள். டாக்டரே வேண்டாம் என்று சொன்னால்? இன்றைக்குத் தள்ளிப்போகும். அடுத்த தடவையும் ஒரு செட்டு. தை மாதம் தானாக வந்து தானாகப் போய்விடும்.

வீட்டிலிருந்த மாத்திரைகளை எல்லாம் ஜெயபாக்கியம் ஒரு வாரம் முன்பே ஒளித்துவிட்டாள். ஊரில் இருப்பதை ஒளிக்க முடியுமா?

*

தேனி பஸ்சில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. ஜேசுதாஸ் மலையைப் பார்க்காமல் இந்தப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். ஜெயபாக்கியம் விடவில்லை.

"மேல நல்லா மூடிக் கெடக்கு பாருங்க. மழை இருக்கும்போல."

"இருக்கட்டும்."

"நேத்து அன்புச்செல்வன் ஜீப்புல சேதி சொல்லிவிட்டேன்."

"என்ன சேதி?"

"உங்களுக்கு இன்னிக்குத் தேனியில முட்டிக்கு ரத்த ஊசி போடுறாகன்னு. எந்த ஆஸ்பத்திரின்னும் சொன்னேன்."

"அவனுக்கு எதுக்கு அதெல்லாம்?"

"தம்பிதான?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பினால் மலை. எங்கே போவது?

கொண்டை ஊசி வளைவுகளில் விஜயராஜுக்கு எப்போதும் குமட்டும். அண்ணன் ஒரு எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி அவன் மூக்கில் வைத்துக்கொண்டே வருவான். அப்படியும் ஒரு தடவை அண்ணனின் புதுச் சட்டை மேலேயே வாந்தி எடுத்துவிட்டான். தோட்டத்தில் இறங்கியதும் அம்மா, "எவன்டா எடுத்தது?" என்று கேட்டாள். அடி விழும் என்று தெரிந்தும், "நான்தாம்மா" என்று ஜேசுதாஸ் சொன்னான். அன்று ராத்திரி காய் உலர்த்துகிற ஸ்டோர் சுவரில் முதுகைச் சாய்த்து இரண்டு பேரும் குளிர் காய்ந்தபோது, தம்பி தன் பங்கு வறுத்த கடலையை எல்லாம் அண்ணன் கையில் கொட்டினான். சுவர் வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே பச்சைக்காய் உலர உலர அந்த மணம் தலைமுடி வரைக்கும் ஏறும். அந்த மணத்தை விற்றுத்தான் இன்றைக்கும் சாப்பிடுகிறார். ஆனால் கடையில் அது சரக்கு வாசனை. அங்கே அது வீட்டு வாசனை.

"என்ன, கண்ணு கலங்குது?" என்றாள் ஜெயபாக்கியம்.

"காத்து."

ஜன்னல் மூடியிருந்தது.

*

டாக்டர் சுஜிதா சின்ன வயசு. பேச்சும் சிரிப்புமாக இருந்தாலும் விஷயத்தில் கறார்.

"மறுபடி ஒரு தடவை சொல்லிடறேன் ஐயா. உங்க ரத்தத்தையே கொஞ்சம் எடுப்போம். அதை மிஷின்ல வேகமாச் சுத்தவிட்டா, செவப்பு அடியில தங்கும், மஞ்சளாத் தண்ணி மேல நிக்கும். டெங்கு வந்தா பிளேட்லெட் குறைஞ்சுபோச்சுன்னு பயப்படுவாங்கல்ல, அந்தத் தட்டணுக்கள் அந்த மஞ்சத் தண்ணியில நெறைய இருக்கும். அதைக் கிழிஞ்ச இடத்துல போடறோம். ஒடம்பு தன்னைத்தானே சரி பண்ணிக்கற வேலைய அது தூண்டிவிடும்."

"போட்டவுடனே நடந்துரலாமா டாக்டர்?" என்றாள் ஜெயபாக்கியம்.

"இது மந்திரம் இல்லம்மா. மொத ரெண்டு மூணு நாள் வலி கூடவே செய்யும். மெதுவாத்தான் தெரியும், ஒரு மாசம் ஒண்ணரை மாசம் ஆகும். சிலருக்கு ரெண்டாவது ஊசியும் தேவைப்படும். சிலருக்கு எதிர்பார்த்த அளவு கேக்காமலும் போகும். மாத்திரை ஏதும் போடலையே?"

ஜேசுதாஸ் தொண்டையைச் செருமினார். இதற்காகத்தானே காத்திருந்தார்.

ஆனால் ஜெயபாக்கியம் முந்திக்கொண்டாள். "தலைவலித் தைலத்தக்கூட ஒளிச்சு வச்சிட்டேன் டாக்டர். ஒரு வாரமா ராத்திரியெல்லாம் பல்லக் கடிச்சிட்டுக் கெடந்தாக. ஒண்ணு கேக்கல. தம்பி மக கல்யாணத்துக்கு மலையேறணும்னுதான் இம்புட்டும்."

சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. புருஷனைப் பற்றி இவ்வளவு பெருமையாக அவள் பேசி ஜேசுதாஸ் கேட்டதில்லை. வாய்க்குள் வந்த வார்த்தை அப்படியே உள்ளே போய்விட்டது.

நர்ஸ் வந்து கையில் பட்டையைக் கட்டினாள். ரத்தம் எடுத்தாள். பக்கத்து அறையில் மிஷின் ஓடத் தொடங்கியது. அதன் உறுமல் சுவரைத் தாண்டிக் கேட்டது. கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்று அவர் வெளி ஹாலில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் முன்னால் சொல்வது ஒன்றும் பெரிதில்லை. இவள் முன்னால் சொல்ல வேண்டுமே.

அப்போதுதான் வாசலில் ஒரு ஜீப் வந்து குலுங்கி நின்றது.

*

முதலில் உள்ளே வந்தது வாசனை. அதற்குப் பின்னால்தான் ஆட்கள்.

காய்ப்பால் பிடித்துக் கறுத்த விரல்கள், இடுப்பில் மடித்துக் கட்டிய கொங்காணி, சேறு காயாத செருப்பு. பத்துப் பேருக்குக் குறையாது. வெள்ளைத் தரை போட்ட அந்த ஹாலில் தோட்டமே இறங்கி நின்றது போலிருந்தது. எல்லாருக்கும் முன்னால், தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல், விஜயராஜ்.

"எங்கண்ணன் எங்க? எம்புட்டு ரத்தம் வேணும்?" என்று அவர் போட்ட சத்தத்தில் மருந்து வாங்க நின்றவர்கள் ஒதுங்கினார்கள்.

மேலே அப்படி ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்தில் ஒருத்தருக்கு அடிபட்டது, பிரசவம் சிக்கலானது, ரத்தம் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், எந்த வகை, எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். காய்க்கூடையை அப்படியே வைத்துவிட்டு ஒரு ஜீப் ஆள் இறங்கிவிடும். ரத்த வகை சேருகிறவர்கள் கொடுப்பார்கள், சேராதவர்கள் வராந்தாவில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுவார்கள், வேண்டுவார்கள். மலையில் ஆஸ்பத்திரி தூரம். ஆள்தான் பக்கம். ஜேசுதாஸின் அப்பா மேல் மரக்கிளை முறிந்து விழுந்தபோதும் அப்படித்தான் ஒரு ஜீப் ஆள் போடிக்கு இறங்கியது.

இந்த வழக்கம் ஜெயபாக்கியத்துக்குத் தெரியாதா என்ன? சேதி சொல்லிவிடும்போது அவள் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. விளக்கம் சொல்லவும் இல்லை.

விஜயராஜின் பார்வை ஹாலைத் துழாவிக்கொண்டு வந்து, நாற்காலியில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணன் மேல் நின்றது. முகத்தில் பயம் மெல்லக் கழன்று, வேறு எதுவோ வந்தது.

"உக்காந்துருக்க?" என்றார்.

"ஆமா," என்றார் ஜேசுதாஸ்.

ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணன் தம்பி பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான். இதைவிட நல்லதாக ஒன்று கிடைத்திருக்கலாம். என்ன செய்வது, வாய்த்தது இதுதான்.

சத்தம் கேட்டு டாக்டர் சுஜிதா வெளியே வந்தார். யாருக்கும் ரத்தம் வேண்டாம், அவர் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து அவருக்கே ஊசியாகப் போடுகிறோம், அவ்வளவுதான் என்று பொறுமையாக விளக்கினார்.

சிலமலை ஒச்சம்மாள் மோவாயில் கையை வைத்தாள். தோட்டத்தில் இருபது வருடமாகக் காய் எடுக்கிறவள்.

"அவுக ரத்தத்த அவுகளுக்கே போடுறதுக்கா எங்கள எறக்குனீக? நான் நாலு பேருக்குக் குடுத்த ஒடம்புன்னு சொல்லி மொத ஆளா ஏறுனேன்! அட்டைக்குக் குடுத்தது போக மிச்சம் இருக்கறத அண்ணாச்சிக்குக் குடுப்போம்னு பாத்தா, அவுக ராசாவாட்டம் உக்காந்துருக்காக!"

ஹாலே சிரித்தது. டாக்டரும் சிரித்துவிட்டார். டிரைவர் அன்புச்செல்வன், "நான் மதினி சொன்னதத்தான் சொன்னேன், என்னையப் பாக்காதீக" என்று சுவரோரம் நகர்ந்தான்.

விஜயராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

"மதினி, சாகக் கெடக்காரோன்னு நெனச்சு வந்தேன்," என்றார். குரல் உடைந்தது. "இந்தத் தடவையாச்சும் நேரத்துக்குப் போயிருவோம்னு வந்தேன்."

ஜெயபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். செய்த தந்திரம் அப்போதுதான் அவளைச் சுட்டது.

"சரி. நல்லாருங்க. நாங்க வர்றோம்," என்று விஜயராஜ் திரும்பினார். "வாங்க எல்லாரும். வெரசாப் போனா மத்தியானக் காயாச்சும் எடுக்கலாம்."

நாலு எட்டு வைத்தார். அப்போதுதான் ஜேசுதாஸ் பார்த்தார். தம்பி வலது காலை ஊன்றவில்லை. இழுத்துக்கொண்டு போனார். இடுப்பு ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தது.

"கால்ல என்னடா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையா?" ஒச்சம்மாள் நின்ற இடத்திலிருந்தே திரும்பினாள். "பெரியவரு செத்த சேதி கெடச்சதும், ரோடு அடச்சிருச்சுன்னு ஒத்தையடிப் பாதையில மழையோட மழையா எறங்குனாருல்ல, அப்ப விழுந்தது அண்ணாச்சி. நாங்க போகாதீகன்னு மறிச்சோம். கேக்கல. பாறையில முட்டி அடிச்சு, கம்ப ஊனிக்கிட்டே மலையடி முந்தல் வரைக்கும் வந்துருக்காரு. அன்னிலருந்து இந்தக் கால் இப்படித்தான்."

"ஒச்சம்மா, வாய மூடு," என்றார் விஜயராஜ்.

ஜேசுதாஸ் அந்தச் சாயங்காலத்தை நினைத்துப் பார்த்தார். மண்மேட்டுக்கு எதிரே தம்பி நின்றது ஞாபகம் இருந்தது. கையில் கம்பு இருந்ததும் ஞாபகம் வந்தது. வேட்டி முழுக்கச் சேறு. அதில் ரத்தமும் இருந்திருக்கும். அன்றைக்கு அவர் தம்பியின் முகத்தை மட்டும்தான் பார்த்தார், அதுவும் சரியாகப் பார்க்கவில்லை. காலைப் பார்க்கவே இல்லை.

"ஐயா, ரெடி. உள்ள வாங்க," என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

அவர் எழுந்தார். உள்ளே போகவில்லை.

"டாக்டரம்மா, ஊசி வேணாம். காலையில நான் வலி மாத்திரை போட்டுட்டேன்."

ஜெயபாக்கியம் அவரையே பார்த்தாள். "எப்ப? யாரு குடுத்தா?"

"ஜீப் ஸ்டாண்டுல. செட்டு. நானே போய் வாங்கிப் போட்டேன். ஊசி தள்ளிப்போகட்டும்னு."

டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. "எடுத்த ரத்தம் வீண். உங்களுக்காக ஒதுக்கின நேரமும் வீண். விளையாட்டா ஐயா இது? மாத்திரை வீக்கத்தை அமுக்கும். நாங்க போடற ஊசி, அந்த வீக்கத்தை வச்சுத்தான் வேலையத் தொடங்கும். ரெண்டும் ஒண்ணா ஆகாது. ஒரு வாரமா உங்க வீட்டம்மா பட்ட பாட்டையாவது நெனச்சிருக்கலாம்."

"தப்புத்தான்."

விஜயராஜ் வாசலிலிருந்து மெல்ல நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார். "எம்மக கல்யாணத்துக்கு வராம இருக்கவா மாத்திரை தின்ன?"

"ஆமா."

"அம்புட்டு வெறுப்பாண்ணே எம்மேல?"

"வெறுப்பா?" ஜேசுதாஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். இத்தனை பேர் நிற்கிறார்களே என்ற கூச்சமெல்லாம் எங்கோ போய்விட்டது. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க வருவேன்? அம்மா கல்லற இருக்கு. பக்கத்துல எடம் காலியாக் கெடக்கும். அத எப்படிப் பாப்பேன்? ஒரு நாளு பொறுத்திருக்கணும் விஜயா. எல்லாரும் அவசரப்படுத்துனாக, நானும் சரின்னுட்டேன். அந்த மழையில நீ எறங்க மாட்டேன்னு நெனச்சேன்."

"அப்பாவுக்கு எறங்க மாட்டேனா?"

"எறங்குவ. அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். வேற யாருக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகை வந்தது. அறுபதை எட்டப்போகிற மனிதர், பத்துப் பேர் பார்க்க, கையில் ஒட்டிய பஞ்சோடு நின்று அழுதார். ஜெயபாக்கியத்தின் கோபம் பாதியில் நின்றுபோனது. ஒச்சம்மாள் கொங்காணி முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

விஜயராஜ் தலைத்துண்டை அவிழ்த்தார். அண்ணன் கையில் கொடுத்தார். "தொடச்சுக்க."

துண்டில் புகையும் ஏலமும் மணத்தது. ஜேசுதாஸ் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, எடுக்க மனமில்லாமல் வைத்திருந்தார்.

"டாக்டரம்மா," என்றார் துண்டுக்குள்ளிருந்தே, "எனக்குன்னு ஒதுக்குன நேரத்துல இவன் முட்டியப் பாருங்க. ஆறு வருசமா இழுத்துக்கிட்டுத் திரியறான்."

"எனக்கு ஒண்ணும் வேணாம்," என்றார் விஜயராஜ்.

"உக்காருங்க," என்றார் டாக்டர், நாற்காலியை இழுத்துப் போட்டு. அந்தக் குரலுக்கு விஜயராஜ் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். பழைய காயம், ஸ்கேன் எடுக்காமல் எதுவும் சொல்ல மாட்டேன், சரியாகும் என்று வாக்கும் கொடுக்க மாட்டேன், ஆனால் இப்படியே விடக்கூடாது என்றார்.

விஜயராஜ் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணத்துக்கு வருவியா?"

"வர்றேன். தவழ்ந்தாச்சும் வர்றேன்."

"அதுக்கு முன்னால ஒரு சோலி இருக்கு." விஜயராஜ் குரலைத் தாழ்த்தினார். "ஆறு வருசமா மனசுல வச்சிருக்கேன். ஜெனி கழுத்துல தாலி ஏறறதுக்கு முன்னால அப்பாவ மேல கொண்டு போயிரணும். அம்மா பக்கத்துல."

ஜெயபாக்கியம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "தம்பி, அடக்கம் பண்ணுன பெட்டியத் திரும்ப எடுக்கறதா? சபையில ஒத்துக்குவாகளா? மெட்டுக்கு அந்தப்பக்கம் வேற ஸ்டேட்டு. ரெண்டு கவர்மெண்டுலயும்ல கேக்கணும்? யாருட்டயாவது பேசுனீகளா?"

"யாருட்டயும் பேசல மதினி. மொதல்ல அண்ணன்ட்டக் கேக்கணும்னு இருந்தேன். அண்ணன் வந்தாத்தானே கேக்க?"

பிறகு ஜேசுதாஸ் பக்கம் திரும்பினார். "கல்லறைக்கு ஜீப்பு போகாது. உனக்குத் தெரியும். சர்ச்சுல இருந்து அந்த ஏத்தம் பூரா தூக்கித்தான் போகணும். கூலிக்கு ஆள் விட மாட்டேன். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் நீ."

ஜேசுதாசுக்கு அந்த ஏற்றம் கண்ணில் வந்து நின்றது. மழைக்கு வழுக்கும். வெயிலுக்கும் மூச்சு வாங்கும். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோது முன்னால் அப்பாவும் பின்னால் இவர்கள் இரண்டு பேரும். அப்போது இவர்களுக்குக் கால் இருந்தது.

அவர் தம்பியின் முட்டியைப் பார்த்தார். தன் முட்டியைப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"டாக்டரம்மா, இனி ஒரு மாத்திரை தொட மாட்டேன், இவ மேல சத்தியம். அந்த ஊசிய எப்பப் போடுவீக? ரெண்டு பேருக்கும்."